‘லைசென்ஸ் பிடிவாதம்’ என்ற குற்றச்சாட்டுக்குப் பதில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் அண்மையில் வந்த லினக்ஸ் கட்டுரையைப் படித்தேன். முதல் பாதி நன்றாகவே இருந்தது. பழைய மடிக்கணினியைத் தூக்கிப் போடாமல் லினக்ஸ் போட்டுப் பயன்படுத்தச் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இரண்டாம் பாதியில்தான் கட்டுரையாளருக்குக் கோபம் வந்துவிட்டது. லினக்ஸை மற்ற மென்பொருள்களோடு தொகுத்துத் தரும் டெபியன் போன்ற வழங்கல்கள் “லைசென்ஸ் பிடிவாதத்தால்” வைஃபைகூட வேலை செய்யாத சிஸ்டத்தை மக்கள் தலையில் கட்டுகின்றனவாம். பயனுள்ள மென்பொருளையெல்லாம் வெளியே நிறுத்திவைக்கின்றனவாம். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மனின் பக்தர்கள் சிலர் சாதாரணப் பயனாளரைப் பந்தாடுகிறார்களாம். டெபியனில் சில மென்பொருள் பொதிகளைப் பராமரிக்கும் எனக்கு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கடிதம் நீளும். வெட்டுவது தங்கள் விருப்பம். வன்பொருளுக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேர் பற்றிய பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

முதலில் தகவல் பிழை. 2023 ஜூனில் வெளியான டெபியன் 12 முதல், அதிகாரபூர்வ நிறுவல் இமேஜிலேயே வைஃபை, கிராஃபிக்ஸ், ஒலி ஆகியவற்றுக்கு வேண்டிய ஃபர்ம்வேர் சேர்ந்து வருகிறது. கட்டுரையில் உள்ள அனுபவம் அதற்கு முந்தைய பதிப்புகளுக்குப் பொருந்தும். திருத்தம் ஒன்று வெளியிட்டால் நல்லது.

அடுத்தது, “வெளியே நிறுத்திவைப்பது”. டெபியனின் மென்பொருள் களஞ்சியம் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று பார்த்திருந்தால் இந்தச் சொல் வந்திருக்காது. 1997 ஜூலையில் டெபியன் ஏற்றுக்கொண்ட சமூக ஒப்பந்தத்தில் இருப்பவை ஐந்தே உறுப்புகள். டெபியன் முழுக்கக் கட்டற்றதாகவே, அதாவது யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் கூடியதாகவே, இருக்கும் என்கிறது முதல் உறுப்பு. எது கட்டற்றது என்று வரையறுக்கும் எங்கள் பத்து நெறிகளுக்கு (சுருக்கமாக டிஎஃப்எஸ்ஜி) உட்படாத மென்பொருளும் சிலருக்குத் தேவைப்படும் என்று ஒப்புக்கொண்டு, அதற்கென்றே கான்ட்ரிப், நான்-ஃப்ரீ என்ற பகுதிகளை ஒதுக்கித் தருகிறது ஐந்தாவது. அதே ஒப்பந்தம், அதே நாள். நடைமுறைக்கு வளைந்து கொடுப்பது எங்களுக்குப் பிறகு வந்த ஞானம் இல்லை; தொடக்கத்திலேயே எழுதி வைத்தது.

மெயின் என்ற பகுதிதான் டெபியன். பத்து நெறிகளிலும் தேறியது மட்டும் அதற்குள் வரும். நான்-ஃப்ரீயில் இருப்பது வேண்டுமென்றால் பொதிகளை எங்கிருந்து எடுப்பது என்று சொல்லும் மூலங்களின் பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், இறங்கிவிடும். யாரும் தடுப்பதில்லை. ஆனால் அந்தச் சொல்லைச் சேர்ப்பது நீங்கள், தெரிந்தே சேர்க்கிறீர்கள். கான்ட்ரிப்தான் பலரையும் குழப்பும். அதில் இருக்கும் பொதியின் நிரல் கட்டற்றதுதான். வேலை நடக்க மட்டும் வெளியிலிருந்து வேறொன்று வேண்டும். மைக்ரோசாஃப்டின் பழைய இணைய எழுத்துருக்களை நிறுவும் பொதி அங்கேதான் இருக்கிறது. அந்தப் பொதிக்குள் எழுத்துரு எதுவும் கிடையாது. நிறுவும்போது அது வெளியே போய் எழுத்துருக்களைத் தரவிறக்கி, பிரித்து, உங்கள் கணினியில் வைக்கும். அந்த எழுத்துருக்களை மூலக் கோப்பு எப்படி இருந்ததோ அப்படியேதான் பரிமாற வேண்டும் என்பது உரிம நிபந்தனை. பிரித்து அடுக்கி வேறு பொதியாக நாங்கள் தர முடியாது. அதனால்தான் இந்தச் சுற்றுவழி.

இவ்வளவு பிரித்துவைத்து யாருக்கு என்ன லாபம்? மெயினிலிருந்து ஒன்றை எடுப்பவர் உரிமத்தை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பதுதான் லாபம். பயன்படுத்தலாம், மாற்றலாம், நகலெடுக்கலாம், விற்கலாம். எந்த வேலைக்கு என்று கேள்வி கிடையாது. உபுண்டு, டெயில்ஸ், ராஸ்பெர்ரி பை ஓஎஸ் எல்லாம் டெபியன் மேல் எழுந்தவை. ரவுட்டருக்குள் வைத்து விற்பவர், பள்ளிக்கூட ஆய்வகத்துக்கு இமேஜ் தயாரிப்பவர், குறுவட்டில் எழுதிக் கொடுப்பவர் என்று எங்களுக்கு முகம் தெரியாத எத்தனையோ பேர் அந்த உறுதியின் மேல்தான் நிற்கிறார்கள். நான்-ஃப்ரீயில் அந்த உறுதி இல்லை. குறுவட்டு தயாரிப்பவர்கள் நான்-ஃப்ரீ பொதிகளின் உரிமங்களைத் தாங்களே படித்து முடிவு செய்துகொள்ள வேண்டும் என்று ஒப்பந்தமே சொல்கிறது. டெபியனின் பாதுகாப்புக் குழுவும் அந்தப் பகுதிக்கு அதிகாரபூர்வ ஆதரவு தருவதில்லை. மூலநிரல் கையில் இல்லாதபோது ஓட்டையை எப்படி அடைப்பார்கள்?

இனி, நாள்தோறும் நடக்கும் வேலையைச் சொல்கிறேன். பிடிவாதம் எங்கே இருக்கிறது என்று வாசகர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

என் பொறுப்பில் இருப்பவற்றில் ஒன்று வரைபடங்கள் வரையும் சிறு கருவி. புதிய பதிப்பு வந்தது. உச்சியில் இருந்த, உரிமத்தைச் சொல்லும் காப்பியிங் கோப்பு, ஜிபிஎல் 3 என்ற கட்டற்ற உரிமம் என்றது. அதோடு நிறுத்தினால் வாசற்படியைப் பார்த்துவிட்டு வீட்டை விலை பேசிய கதையாகிவிடும். லைசென்ஸ்செக் என்ற கருவியை ஓடவிட்டு, அது “தெரியவில்லை” என்று சொல்லும் கோப்புகளைக் கண்ணால் திறந்து பார்க்க வேண்டும். பார்த்தேன். மூன்றாம் தரப்பு என்று பெயரிட்ட அடைவில் ஒரு ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு, மொத்தமும் ஒரே வரி. மாறிகளின் பெயரெல்லாம் ஒற்றை எழுத்து. மனிதர் யாரும் அப்படி எழுதுவதில்லை. எம்ஐடி உரிமம் என்று மேலே குறிப்பு இருந்தது, சரி. ஆனால் திருத்தக்கூடிய மூலம் எங்கே? இரண்டாவது நெறி மூலநிரலைக் கேட்கிறது. பக்கத்தில் ஓர் எழுத்துருக் கோப்பு, அதற்கு உரிமமே எழுதப்படவில்லை. உரிமம் இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சட்டம் நேர்எதிர்: எதுவும் எழுதாவிட்டால் எல்லா உரிமையும் ஆக்கியவரிடமே இருக்கிறது. எடுத்துக்காட்டுகள் அடைவில் இருந்த ஒரு நிலப்படத்தின் கீழ், வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதியில்லை என்று பொடி எழுத்தில் இருந்தது. எந்தத் துறைக்கும் பாகுபாடு காட்டக் கூடாது என்ற ஆறாவது நெறியில் அது விழுந்துவிட்டது.

இதற்காக மொத்தக் கருவியையும் நான்-ஃப்ரீக்குத் தள்ளவில்லை. காப்பிரைட் கோப்பில் ‘ஃபைல்ஸ்-எக்ஸ்க்ளூடட்’ என்று ஒரு வரி உண்டு. அதில் அந்தக் கோப்புகளின் பெயரை எழுதிவிட்டால், அவற்றைக் கழித்துவிட்டு மூலப் பொதி புதிதாகக் கட்டப்படும். பதிப்பு எண்ணின் வாலில் டிஎஃப்எஸ்ஜி என்று ஒட்டிக்கொள்ளும். எதையோ எடுத்திருக்கிறோம் என்பதற்கு அடையாளம். ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் ஏற்கெனவே மெயினில் தனிப் பொதியாக இருந்ததால் கருவியை அதன் பக்கம் திருப்பிவிட்டேன். எழுத்துருவுக்குப் பதில் எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமத்தில் உள்ள ஒன்று. நிலப்படம்தான் போயிற்று. பயனாளருக்குக் குறைந்தது அந்த ஓர் எடுத்துக்காட்டுப் படம்.

பிறகு மூல ஆசிரியருக்கு எழுதுவோம். அந்தக் கருவியின் ஆசிரியர் நல்ல மனிதர். படம் நண்பருடையது, கேட்டு வாங்கித் தருகிறேன் என்று பதில் போட்டார். நண்பர் சம்மதித்ததும் களஞ்சியத்திலேயே உரிமக் கோப்பை ஏற்றினார். அடுத்த பதிப்பில் படம் திரும்பி வந்துவிட்டது. எல்லாரும் இப்படி இருப்பதில்லை. “டெபியனுக்கு மட்டும் அனுமதி தருகிறேன், போதுமா?” என்று பெருந்தன்மையோடு கேட்பவர்கள் உண்டு. போதாது. எங்களுக்கென்று தனிச் சலுகை கொடுக்கும் உரிமத்தை எட்டாவது நெறி ஏற்பதில்லை. நாங்கள் வாங்கிக்கொண்டு எங்களிடமிருந்து எடுப்பவரை நடுத்தெருவில் விட முடியாது. “யார் உங்கள் மேல் வழக்குப் போடப் போகிறார்கள்?” என்று எரிந்துவிழுபவர்களும் உண்டு. அநேகமாக யாரும் போட மாட்டார்கள்தான். ஆனால் மெயினிலிருந்து எடுத்து விற்றவர் மேல் போட்டால், அவர் யாரை நம்பி எடுத்தார்?

ஆறாவது நெறி என்றதும், ஜேசன் என்ற தரவு வடிவத்துக்கான நிரலோடு வந்த ஜேசன் உரிமம் நினைவுக்கு வருகிறது. டக்ளஸ் கிராக்ஃபோர்டு எழுதிய அந்த உரிமம் எம்ஐடியின் அச்சு நகல். கூடவே, மென்பொருளை நல்லதுக்குப் பயன்படுத்த வேண்டும், தீயதுக்குக் கூடாது என்று ஒரே ஒரு வாக்கியம். படித்தால் சிரிப்பு வரும், மனதுக்கும் இதமாக இருக்கும். ஆனால் எது தீயது என்று யார் சொல்வது? ஆயுதத் தொழிற்சாலை தீயதா, மதுக்கடைக் கணக்கு தீயதா? டெபியன், இன்னொரு வழங்கலான ஃபெடோரா இரண்டுமே இதைக் கட்டற்ற உரிமமாக ஏற்கவில்லை. பிஎச்பி என்ற நிரல்மொழியோடு வந்த ஜேசன் நிரல் இந்த உரிமத்தில் இருந்தது. அதை நீக்கிவிட்டு வேறொன்றை வைத்தோம். அப்போதும் இதே வசவுதான் விழுந்தது. பின்னர் 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7 தானே அந்தப் பழைய நிரலை எடுத்துவிட்டுப் புதியதைச் சேர்த்துக்கொண்டது. இன்று பிஎச்பி பயன்படுத்தும் எவருக்கும் அந்த வாக்கியத்தைப் பற்றிக் கவலை இல்லை.

இன்னொரு வகைச் சிக்கலில் இரண்டு பக்கமும் நியாயமான உரிமங்களே இருக்கும். சேர்த்தால் மட்டும் ஒட்டாது. இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை சிடிடிஎல் உரிமத்தில் உள்ளது. லினக்ஸின் மையமான கர்னல் ஜிபிஎல் 2. தனித்தனியே இரண்டும் கட்டற்றவை. இரண்டையும் கோத்து ஒரே இருமமாக, அதாவது ஓடத் தயாரான வடிவில், விநியோகிக்கலாமா என்பதில் வழக்கறிஞர்களே ஒத்துப்போவதில்லை. உபுண்டு 2016-இல் துணிந்து இருமமாகவே சேர்த்தது. டெபியன் மூலநிரலாகக் கான்ட்ரிப்பில் வைத்து, பயனாளரின் கணினியிலேயே கட்டிக்கொள்ள வழி செய்தது. நிறுவ நேரம் கூடுதலாகும் என்பதை மறுக்கவில்லை. எனக்கு டெபியனின் வழியே பிடித்திருக்கிறது. உபுண்டு செய்ததைப் பாவம் என்றும் சொல்ல மாட்டேன். இதற்கெல்லாம் முன்னோடி கேடிஇ என்ற மேசைத்தளச் சூழலின் கதை. கேடிஇ ஜிபிஎல், அது நம்பியிருந்த க்யூடி நூலகத்தின் உரிமம் அதனோடு பொருந்தாதது. 1998-இல் டெபியன் கேடிஇயைக் களஞ்சியத்திலிருந்தே எடுத்தது. திட்டு வாங்காத நாள் இல்லை. 2000-இல் க்யூடி ஜிபிஎல்லின் கீழும் வெளிவந்தது. கேடிஇ திரும்பி வந்தது.

ஸ்டால்மன் பக்தர்கள் என்றாரே, அதற்கு வருகிறேன். ஸ்டால்மன் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை பரிந்துரைக்கும் வழங்கல்களின் பட்டியலில் டெபியன் இல்லை. நான்-ஃப்ரீ பகுதியை எங்கள் சர்வரிலேயே வைத்திருக்கிறோம் என்பது அவர்கள் குறை. மறுபக்கம், அறக்கட்டளையின் சொந்த ஆவணங்கள் சில எங்கள் நான்-ஃப்ரீயில் கிடக்கின்றன. அறக்கட்டளையின் க்னூ ஆவண உரிமம் சில பகுதிகளை யாரும் மாற்றக் கூடாது என்று பூட்டிவைக்க இடம் தருகிறது. ஈமாக்ஸ் என்ற உரைத் திருத்தியின் கையேட்டில் அப்படிப் பூட்டப்பட்டவற்றில் ஒன்று, ஸ்டால்மன் எழுதிய க்னூ பிரகடனம். பூட்டு இல்லாத ஆவணம் கட்டற்றது, பூட்டு உள்ளது அல்லாதது என்று 2006-இல் வாக்கெடுத்து முடிவு செய்தோம். ஆகவே டெபியனில் ஈமாக்ஸ் மெயினில், அதன் கையேடு நான்-ஃப்ரீயில். பக்தர்கள் செய்கிற காரியமா இது?

ஃபர்ம்வேருக்கு வருகிறேன். இங்கே கட்டுரையாளரின் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது.

2004-இல் ஒப்பந்தத்தின் வாசகம் திருத்தப்பட்டபோது, நிரல் மட்டும் என்றில்லாமல் ஆவணம், படம், ஃபர்ம்வேர் எல்லாமே நெறிகளுக்கு உட்பட வேண்டும் என்று தெளிவாயிற்று. அப்போது தயாராகிக்கொண்டிருந்த சார்ஜ் பதிப்பை அந்தக் கணக்கில் வெளியிடவே முடியாது. இன்னொரு வாக்கெடுப்பு நடத்தி அமலைத் தள்ளிவைத்தார்கள். சார்ஜ் 2005 ஜூனில் வந்தது. 2011-இல் வெளியான டெபியன் 6-இல் கர்னலுக்குள் இருந்த தனியுரிம ஃபர்ம்வேர் முழுக்கப் பிரித்தெடுக்கப்பட்டது. கொள்கைப்படி சரி. மடிக்கணினியின் முன் உட்கார்ந்தவருக்கு என்ன ஆயிற்று? வைஃபை வேலை செய்ய ஃபர்ம்வேர் வேண்டும், ஃபர்ம்வேரைத் தரவிறக்க வைஃபை வேண்டும். ஃபர்ம்வேர் சேர்த்த இமேஜும் நாங்களே தயாரித்தோம். அதிகாரபூர்வமற்றது என்று முத்திரை குத்தி, இணையதளத்தில் தேடினால்தான் கிடைக்கும் மூலையில் வைத்தோம். விவரம் தெரிந்தவர் எடுத்துக்கொண்டார், புதியவர் முதல் திரையிலேயே மாட்டிக்கொண்டார். நேர்மையாகச் சொன்னால் அது யாருடைய சுதந்திரத்தையும் கூட்டவில்லை. அதே ஃபர்ம்வேரை ஆலையிலேயே சிப்புக்குள் எழுதி விற்றால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. வட்டிலிருந்து ஏற்றினால் மட்டும் ஆட்சேபம். வன்பொருள் ஒன்றுதான், கட்டும் ஒன்றுதான்.

பார்வையற்றவர்களின் நிலை இதைவிட மோசம். நிறுவியைப் பேச்சொலியின் துணையோடு இயக்கலாம், மிக நல்ல வசதி. ஆனால் புதிய மடிக்கணினிகள் பலவற்றில் ஒலி வருவதற்கே ஃபர்ம்வேர் வேண்டும். ஃபர்ம்வேர் இல்லையென்றால் நிறுவி ஊமை, உதவிக்கு இன்னொருவர் வந்தாக வேண்டும். என் மனதை மாற்றிய வாதம் இதுதான். இதோடு சிபியூவுக்குள் ஏற்றும் மைக்ரோகோடு என்ற நிரலும் உண்டு: 2018-இல் ஸ்பெக்டர் என்ற சிபியூ பாதுகாப்பு ஓட்டைகள் வெளிவந்த பிறகு, தயாரிப்பாளர் தரும் மைக்ரோகோடை ஏற்றாமல் இருப்பது பாதுகாப்பைத் தானே குறைத்துக்கொள்வதாகிவிட்டது.

2022-இல் மறுபடி வாக்கெடுப்பு. ஒப்பந்தத்தின் ஐந்தாவது உறுப்பில் ஒரு வாக்கியம் சேர்ந்தது. வன்பொருள் இயங்க வேண்டிய ஃபர்ம்வேரை அதிகாரபூர்வ இமேஜில் சேர்க்கலாம் என்றானது. அதைச் செய்த விதம் எனக்குப் பிடித்தது. நான்-ஃப்ரீ மொத்தத்தையும் திறந்துவிடவில்லை. நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் என்று புதிய பகுதி ஒன்றை வெட்டியெடுத்தார்கள். வைஃபைக்காக அதைத் திறப்பவர் வேறெதையும் தெரியாமல் உள்ளே விட வேண்டியதில்லை. எந்த ஃபர்ம்வேர் ஏற்றப்பட்டது என்று நிறுவி பயனாளருக்குச் சொல்ல வேண்டும், வேண்டாதவர் தொடக்கத்திலேயே அணைத்துவிட வழி இருக்க வேண்டும் என்பதும் அந்த முடிவிலேயே உண்டு. எதிர்த்து வாக்களித்தவர்களின் அச்சத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். ஃபர்ம்வேர் தானாக ஏறிவிட்டால் தயாரிப்பாளரிடம் மூலநிரல் கேட்க இனி யாருக்கு முனைப்பு இருக்கும் என்றார்கள். இதற்கு என்னிடம் திருப்தியான பதில் இல்லை.

கட்டுரையின் கடைசியில், மூலநிரலை இணையத்தில் காட்டும் சில நிறுவனத் தயாரிப்புகளை ஓப்பன் சோர்ஸ் என்று பாராட்டியிருக்கிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விடக் கவலை தந்தது. மூலநிரல் கண்ணுக்குத் தெரிவது பத்து நெறிகளில் ஒன்று மட்டுமே. மாங்கோடிபி என்ற தரவுத்தளம் 2018-இல் எஸ்எஸ்பிஎல் என்ற உரிமத்துக்கு மாறியது. நிரல் அப்போதும் பார்வைக்கு இருந்தது. சேவையாக வழங்குபவர் மேல் நிபந்தனை மலைபோல் ஏறியது. டெபியனும் ஃபெடோராவும் அதை விட்டுவிட்டன. சர்வர் கட்டமைப்பை அமைக்கும் கருவியான டெர்ராஃபார்ம் 2023-இல் உரிமம் மாறியது; அதன் பழைய நிரலிலிருந்து ஓப்பன்டோஃபு கிளைத்தது. ரெடிஸ் என்ற தரவுத்தளம் 2024-இல் மாறியது, சில நாட்களிலேயே வால்கீ கிளைத்தது. மறு ஆண்டே ரெடிஸ் ஏஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தையும் ஒரு தேர்வாகச் சேர்த்துக்கொண்டது. பழைய பதிப்புகள் கட்டற்ற உரிமத்தில் இருந்ததால்தான் இந்தக் கிளைகள் சாத்தியமாயின. உரிமத்தை யாரோ வரிவரியாகப் படித்திருந்ததன் பலன் அங்கே தெரிந்தது.

எங்கள் பக்கம் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. புதிய பொதி ஒன்று களஞ்சியத்தில் நுழைய வேண்டுமானால் ‘நியூ’ வரிசையில் காத்திருக்க வேண்டும். அங்கே உரிமங்களைச் சரிபார்ப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய தன்னார்வலர்கள். சில பொதிகள் மாதக் கணக்கில் கிடக்கின்றன. மூல ஆசிரியர்கள் பொறுமை இழப்பதில் வியப்பில்லை. நூறு பேர் எழுதிய நிரலின் காப்பிரைட் கோப்பில் ஒவ்வொருவர் பெயரையும் ஆண்டையும் தொகுப்பது என் கையாலேயே செய்கிற வேலை, அதன் சலிப்பு எனக்குத் தெரியும். அதில் ஓரளவைக் குறைக்கலாம் என்றே நினைக்கிறேன். உரிமத்தைப் படிக்கும் வேலையில் குறைக்க இடமில்லை.

டெபியன் வைத்திருக்கும் வாசகர்கள் செக்-டிஎஃப்எஸ்ஜி-ஸ்டேட்டஸ் என்ற கருவியை நிறுவி ஓட்டிப் பாருங்கள். முன்பு அதற்கு விஆர்எம்எஸ், அதாவது மெய்நிகர் ரிச்சர்ட் எம். ஸ்டால்மன் என்று பெயர், குறும்புதான். உங்கள் கணினியில் நான்-ஃப்ரீயிலிருந்தும் கான்ட்ரிப்பிலிருந்தும் வந்தவை எவை என்று பட்டியல் போடும். திட்டாது, எதையும் நீக்காது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். மென்பொருள் அறிமுகம் வரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு பெட்டி போட்டு அளவு, விலை, எந்தெந்தக் கணினியில் ஓடும் என்று தருகிறீர்கள். அதில் உரிமத்துக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். ஜிபிஎல், எம்ஐடி, தனியுரிமம் என்று ஒரே சொல் போதும். தேடியும் கிடைக்கவில்லையென்றால் அந்த வரியைக் காலியாக விடாமல் “உரிமம் குறிப்பிடப்படவில்லை” என்றே அச்சிடுங்கள். அதைப் பார்த்தாவது ஆக்கியவர் ஒரு கோப்பைச் சேர்த்துவைப்பார். நானோ என்னைப் போன்ற இன்னொருவரோ அவருக்கு மின்னஞ்சல் எழுதிவிட்டுக் காத்திருக்க வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
டெபியன் பொதிப் பராமரிப்பாளர் ஒருவர்
(பெயரும் முகவரியும் ஆசிரியருக்குத் தனியே தெரிவிக்கப்பட்டுள்ளன)